ஓபுலன்ஸில் விசாரிக்க வந்தவர்கள்

ஜூன் 1, ஞாயிறு

செக்ரட்டரி ஆனா தினமும் எழுதி வைக்கணுமாம். முன்னாடி செக்ரட்டரியா இருந்த வரதராஜன் சாவிக்கொத்தைக் கையில குடுக்கறப்ப சொன்ன ஒரே புத்திமதி அதுதான். சொல்லிட்டு மகன் வீட்டுக்குப் பெங்களூர் போனவர் இன்னும் திரும்பல. சரி, எழுதறேன். எழுதினாலாவது இந்த எரிச்சல் கொஞ்சம் அடங்குதான்னு பாக்கலாம்.

கோயமுத்தூர்ல, சரவணம்பட்டிக்கும் அக்கட்ட, ஒரே அபார்ட்மெண்ட்ல இருபத்தி நாலு வீடு. போஸ்ட் ஆபீஸ்ல குப்பை கொட்டி ரிட்டயர் ஆன ருக்குமணியாகிய நான் செக்ரட்டரி. எவனும் வரமாட்டேன்னதால நான். கட்டினவன் பில்டிங்குக்குச் செலவு பண்ண வேண்டிய காசையெல்லாம் வாசல்லயே கொட்டிட்டுப் போயிட்டான். ரெண்டு பக்கமும் சிமெண்ட் யானை, நடுவுல ஒரு நாள்கூடத் தண்ணி பீய்ச்சாத நீரூற்று, மேல தங்கக் கலர்ல இங்கிலீஷ் எழுத்துல ஓபுலன்ஸ். உள்ள வந்தா சுவரெல்லாம் ஓதம். கொரியர் பசங்க ஆம்புலன்ஸ்னு எழுதிக்கிட்டு வர்றானுங்க.

தங்கக் கலர் உரியுதுன்னு பெயிண்டரைக் கூப்பிட்டோம். அப்படியே கீழ தமிழ்லயும் எழுதிடலாம்னு கமிட்டியில முடிவாச்சு. தமிழ்ல என்னன்னு எழுதறது? பத்து வருஷமா கடன் கட்டிக்கிட்டு குடியிருக்கோம், இருபத்தி நாலு வீட்டுல ஒருத்தருக்கும் அந்தப் பேருக்கு அர்த்தம் தெரியல. பணக்காரத்தனம்னு நெனைக்கறேன்னாங்க ஒருத்தங்க. மணக்கற ஏதோ ஒண்ணுன்னார் இன்னொருத்தர்.

மூணாவது மாடி தேவசகாயம் சார்கிட்ட போனேன். காலேஜ்ல இங்கிலீஷ் பேராசிரியரா இருந்தவர். சம்சாரம் மக பிரசவத்துக்குப் போனதுல இருந்து பேச ஆளில்லாம கெடக்கறார், நான் போய் மாட்டினேன். சாதாரணமா வசதின்னா அதுக்கு இங்கிலீஷ்ல வேற சொல்லு இருக்காம். இது அதுக்கும் மேல ஒருபடி, பொங்கி வழியற செல்வம், பாக்கறவன் கண்ணுல படற செல்வம். லத்தீன்ல ஓப்ஸ்னு ஒரு வேர், அதுல இருந்து வந்துச்சாம். ரோம்ல அந்தப் பேர்ல ஒரு பெண் தெய்வமே இருந்துச்சாம், அறுவடைக்கு உண்டான தெய்வம். அதைக் கும்பிடறவங்க தரையில உக்காந்து மண்ணைத் தொட்டுத்தான் வேண்டிக்கணுமாம். உழைப்புக்கு அவங்க வெச்ச சொல்லும் இதே குடும்பம்தானாம். "நீங்க இருந்தீங்களே போஸ்ட் ஆபீஸ், அந்த ஆபீஸும் இதே வேர்தான் மேடம்"னார். அங்க நான் எந்தச் செல்வத்தையும் பாக்கலை சார்னு சொல்லிட்டு ஓடி வந்தேன். அதுக்குள்ள அடுப்புல சாதம் அடிப்பிடிச்சுப் போச்சு.

கமிட்டியில ஒருத்தர் வளம்ங்கறார், ஒருத்தர் செழிப்புங்கறார், எங்க வீட்டுக்காரர் குபேரன் இல்லம்ங்கறார். நீங்க முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்கன்னு பெயிண்டர் போயிட்டான். போறப்ப யானையைத் தட்டிப் பாத்துட்டு, முதல்ல சொன்ன ரேட்டை ஏத்திட்டுப் போனான்.

ஜூன் 3, செவ்வாய்

மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டியிருந்துச்சு. போற வழிதானேன்னு தரைத்தளம் பூர்ணிமாவை ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டேன். போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் குடை ரிப்பேர் இருந்துச்சு, அப்பவும் ஏத்திக்கிட்டேன். வேற ஒண்ணுமில்ல.

பூர்ணிமாவுக்கு முப்பத்தி நாலு வயசு. ரெண்டு கிட்னியும் கைவிட்டுடுச்சு. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் மெஷின்ல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கணும். புருஷன் சென்னியப்பன் பம்ப் கம்பெனியில லேத் ஓட்டறான். அவன் தம்பி நந்தகோபால் கொரியர் குடோன்ல வேலை. மூணு பேரும் ஜெனரேட்டருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவுல இருக்கற வீட்டுல வாடகைக்கு இருக்காங்க. அந்த நாத்தத்துக்கு வேற எவனும் அங்க குடிவர மாட்டான், அதான் வாடகை கட்டுப்படியாகுது.

சென்னியப்பன்கிட்ட இனி விக்க ஒண்ணுமில்ல. கடைசியாப் போனது அவளோட தாலிக்கொடி. இப்ப மஞ்சக் கயித்துல கட்டியிருக்கா. ஆடி பொறந்தா வாரத்துக்கு ஒருக்காதான் முடியும்னு அவன் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கான். ஒருக்கான்னா அவ தாங்க மாட்டான்னு டாக்டர் நேராவே சொல்லிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில பேர் பதிஞ்சு வெச்சிருக்கு, ஒரு இடம் காலியானா கூப்பிடுவாங்க. காலியாகறதுன்னா என்ன அர்த்தம் தெரியுமாக்கான்னு கேட்டுட்டு அவளே சிரிக்கறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சிரிக்கற விஷயமா அது.

இப்ப ஒரு டிரஸ்ட்ல மனு போட்டிருக்காங்க. டிரஸ்ட் ஆளுங்க வந்து விசாரிச்சு, நெசமாவே வசதியில்லாத குடும்பம்னு தெரிஞ்சுக்கிட்டா, எத்தனை வருஷமானாலும் செலவை அவங்களே ஏத்துக்குவாங்க. அந்த ஒண்ணை நம்பித்தான் அந்த வீட்டுல அடுப்பு எரியுது.

வீட்டுக்கு வந்தா எங்க வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல்லு. நான் இல்லாதப்ப ஒரு ஆணும் பொண்ணும் வந்து பூர்ணிமா குடும்பம் எப்படின்னு விசாரிச்சாங்களாம். நந்தகோபாலுக்கு அவிநாசியில ஒரு பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க, அந்த வீட்டு ஆளுங்களாத்தான் இருக்கும். இவர் காப்பி குடுத்து, முறுக்கு வெச்சு, அந்தக் குடும்பத்தைத் தூக்கி உச்சாணியில உக்கார வெச்சிருக்கார். ஊர்ல தோட்டம் இருக்கு, தென்னந்தோப்பு இருக்கு, அண்ணங்காரன் பொழுது போகாமத்தான் லேத்துக்குப் போறான்னு. வந்தவங்க எழுதிக்கூட எடுத்துக்கிட்டாங்களாம். எவன் வீட்டைப் பத்தி எவன் வந்து கேட்டாலும் நல்லதாச் சொல்லணும்னு இவருக்குச் சொல்லி வெச்சதே நான்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் சொன்னதை இந்த மனுஷன் ஒழுங்காச் செஞ்சது இது ஒண்ணு.

ஜூன் 5, வியாழன்

தண்ணி மோட்டார் நின்னு போச்சு. எலக்ட்ரீஷியன் வாசல் யானையை ஒருதரம் பாத்தான், மோட்டாரை ஒருதரம் பாத்தான், ரேட் சொன்னான். பின்பக்கமா வந்திருந்தா பாதிதான் கேட்டிருப்பான்.

ஜூன் 9, திங்கள்

டிரஸ்ட்ல இருந்து பூர்ணிமாவுக்கு போன். மனு தள்ளுபடி. வசதியான குடும்பம்னு தெரியவந்ததால உதவி செய்ய இயலாதாம்.

அவ படியேறி மேல வந்து, ஊஞ்சப் பலகையில உக்காந்து, மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னா. அப்பவும் சிரிப்பு. "நம்ம வசதி நமக்கே தெரியலை பாருங்கக்கா." எனக்கு வாயில வந்ததையெல்லாம் இங்க எழுத முடியாது. வசதியான குடும்பமாம். செப்டிக் டேங்க் மேல குடியிருக்கறது வசதி. மஞ்சக் கயிறு வசதி.

எவனோ ஒருத்தன் வந்திருப்பான், கேட்ல நின்னு அந்த யானையைப் பாத்திருப்பான், ஓபுலன்ஸ்னு படிச்சிருப்பான், அப்படியே வண்டியைத் திருப்பிட்டுப் போயிருப்பான். உள்ள கால் வெச்சிருந்தா நாத்தமாவது உண்மையைச் சொல்லியிருக்கும். இந்தப் பேரால பட்டது கொஞ்சமா. கோயில் நன்கொடைன்னா முதல்ல இங்கதான் வர்றாங்க. கீரைக்காரம்மா அடுத்த தெருவுல ஒரு விலை, இங்க ஒரு விலை. ஆட்டோக்காரன் பேரைக் கேட்டதுமே மீட்டரை மறந்துடறான். அதெல்லாம் தொலையுது, காசோட போச்சு. இது ஒரு பொண்ணோட உசுரு.

பேரை மாத்தியே ஆகணும். ஞாயித்துக்கிழமை மீட்டிங் போட்டுட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வாங்கின வாஷர் சைஸ் சரியில்ல. மாத்தப் போனேன். பூர்ணிமாவும் கூட வந்தா.

ஜூன் 15, ஞாயிறு

மீட்டிங்கா அது, சந்தைக்கடை.

நான் விஷயத்தை நேராச் சொன்னேன். இந்தப் பேரால ஒரு குடும்பத்துக்கு உதவி நின்னு போச்சு, எல்லாருக்கும் எல்லாத்துலயும் காசு கூட அழ வேண்டியிருக்கு, பொன்னி இல்லம், நொய்யல் இல்லம்னு சாதுவா ஒரு பேர் வெச்சுக்குவோம்னேன். ரெண்டாவது மாடி ஜெயச்சந்திரன் குதிச்சார். பேரை மாத்தினா ஃப்ளாட் விலை இறங்கிடுமாம், அவர் மக கல்யாணப் பத்திரிகையில இந்த அட்ரஸ்தான் அடிச்சிருக்காராம், சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்களாம். அவரும் வட்டி கட்ட முடியாம முழிக்கறவர்தான், எனக்குத் தெரியும். இங்க எல்லா வீட்டுலயும் உள்ள ஓதம்தான். ஆனா ஒருத்தருக்கும் அதை வெளிய சொல்ல வாய் வராது. அந்த யானைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறது சௌகரியமா இருக்கு.

அப்பத்தான் தேவசகாயம் சார் கையைத் தூக்கினார். எனக்கு ஆதரவாப் பேசறேன்னு எந்திரிச்சவர், ரோம் வரைக்கும் போயிட்டார். அந்த ஓப்ஸ்ங்கற சொல்லுக்கு செல்வம்னு மட்டும் அர்த்தம் இல்லியாம். பலம்னும் அர்த்தமாம், ஒத்தாசைன்னும் அர்த்தமாம். ஆபத்துல இருக்கறவன் ஓடி வந்து ஒத்தாசை கேக்கறப்ப அந்தக் காலத்து ரோமாபுரிக்காரன் இதே சொல்லைத்தான் சொல்லுவானாம். ஒருத்தன்கிட்ட இருக்கறதும், அவன் அடுத்தவனுக்குச் செய்யறதும் அவங்களுக்கு ஒரே வேர்ல இருந்துச்சு, வழியில எங்கயோ ஒத்தாசை உதிர்ந்து போய் ஆடம்பரம் மட்டும் நின்னுடுச்சுன்னார். நல்லாத்தான் இருந்துச்சு கேக்க. 

ஜெயச்சந்திரன் விட்டாரா. அப்ப இது நல்ல பேர்தானே, சாரே சொல்லிட்டாரு, எதுக்கு மாத்தணும்னார். எல்லாரும் கைதட்டினாங்க. ஓட்டெடுப்புல எனக்கு நாலு கை. அதுல ஒண்ணு எங்க வீட்டுக்காரர் தூக்கத்துல தூக்கினது.

ஜூன் 16, திங்கள்

நேரா டிரஸ்ட் ஆபீஸுக்கே போயிட்டேன். பேருல ஏமாந்து போய் ஒரு மனுவைத் தள்ளுவீங்களான்னு சண்டை போடத்தான் போனேன்.

மேனேஜர் அம்மா பொறுமையாக் கேட்டாங்க. அப்புறம் ஃபைலைத் திறந்து படிச்சாங்க. அவங்க ஆளுங்க கேட்ல இருந்து திரும்பிப் போகல, உள்ள வந்திருக்காங்க. பூர்ணிமா வீடு பூட்டியிருந்ததால முதல் மாடியில ஒரு பெரியவரை விசாரிச்சிருக்காங்க. மூணாந்தேதி, செவ்வாய்க்கிழமை. காப்பியும் முறுக்கும் குடுத்தாராம். தோட்டம், தென்னந்தோப்பு, பொழுதுபோக்குக்கு லேத்து, எல்லாம் அப்படியே ஃபைல்ல இருக்கு.

நான் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சேன்.

டிரஸ்ட் ஆளுங்கன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதான்னு கேட்டேன். சொன்னா தெருவே ஏழையாயிடுமாம், சொல்லாட்டி தெருவே பணக்காரங்களாம். எங்க போய் யாரை விசாரிச்சாலும் பொண்ணு பாக்க வந்திருக்காங்கன்னு நெனைச்சுக்கிட்டு ஏத்தித்தான் சொல்லுவாங்களாம், அது அவங்களுக்கும் தெரியுமாம். "அதனால நல்லதாச் சொன்னா பாதியைத் தள்ளிடுவோம் மேடம். உங்க அபார்ட்மெண்ட் வாசலையும் பேரையும் பாத்துட்டு இந்தத் தடவை பாதியைத் தள்ளலை"ன்னாங்க.

கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு விசாரணைக்கு ஒத்துக்க வெச்சேன். இந்த மாசக் கடைசியிலயோ அடுத்த மாச ஆரம்பத்துலயோ வருவாங்க. யார் வருவாங்க, என்னிக்கு வருவாங்கன்னு சொல்ல மாட்டாங்க.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன். நீதானே ருக்கு நல்லதாச் சொல்லச் சொன்னேன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

இவருக்கு ரசம் மட்டும். அப்பளம்கூட இல்ல.

ஜூன் 20, வெள்ளி

ஆஸ்பத்திரிப் பக்கம் பழைய சிநேகிதி ஒருத்தி இருக்கா. பாக்கப் போனேன், அவ ஊர்ல இல்ல. சரின்னு பூர்ணிமா முடிச்சுட்டு வர்ற வரைக்கும் வராண்டாவுலயே உக்காந்துட்டேன்.

வெளிய வந்ததும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். தென்னந்தோப்பையும் சேத்து. அவ கோபப்படல. அடுத்த விசாரணை வருது, இந்தத் தடவை எல்லாரும் உள்ளது உள்ளபடி சொல்லுவோம்னு நான் சொன்னப்பத்தான் முகம் மாறிச்சு. அவிநாசிக்காரங்க இன்னும் விசாரிக்கவே வரலியாம். ஆடிக்கு முன்னாடி கல்யாணத்தை வெச்சுக்கணும்னு துடிக்கறாங்களாம், இன்னிக்கோ நாளைக்கோ வருவாங்களாம். நந்தகோபாலுக்கு மூணு இடம் அமையாமப் போச்சு. மூணும் வீட்டுல சீக்காளி இருக்கான்னு தெரிஞ்சு போனது.

ஸ்கூட்டர்ல ஏறாம என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. "என் சம்பளத்தைக் குடுத்து அண்ணியைப் பாத்துக்கறேன்னு இத்தனை வருஷம் அவன் இருந்துட்டான்க்கா. எனக்கு எப்படியோ ஆகட்டும். அவங்க வந்தா எங்களுக்கு வசதின்னே சொல்லுங்க. எனக்கு உடம்பு சரியில்லாததையும் சொல்லாதீங்க."

எப்படியோ ஆகட்டுமாம். நாலு மணி நேரம் மெஷின்ல படுத்துட்டு வந்து, நிக்க முடியாம நின்னுக்கிட்டுப் பேசற பேச்சு. ஏறி உக்காரு அம்மிணின்னு அதட்டினேன். வழியெல்லாம் என் முதுகுல சாஞ்சுக்கிட்டே வந்தா. என்ன கனம் இருக்கா அவ, ஒரு கொழந்தை கனம் இருப்பாளா.

ஜூன் 22, ஞாயிறு

ஆக ரெண்டு கூட்டம் வரப்போகுது. ஒரு கூட்டத்துக்கிட்ட வசதி இல்லைன்னு சொல்லணும், ஒரு கூட்டத்துக்கிட்ட வசதின்னு சொல்லணும். ரெண்டு கூட்டமும் தாங்க யாருன்னு சொல்லாது. ரெண்டு கூட்டமும் இதே கேள்வியைத்தான் கேக்கும். இந்த வயசுல எனக்கு இது தேவையா.

முதல் மாடியையும் தரைத்தளத்தையும் கூப்பிட்டு, தேவசகாயம் சாரையும் சேத்து உக்கார வெச்சேன். பேரை மாத்த மாட்டேன்னவங்கதான், ஆனா இதுக்கு வந்தாங்க. ஜெயச்சந்திரன் சம்சாரம்கூட அவருக்குத் தெரியாம வந்துச்சு. ஆளை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு ஆளாளுக்கு யோசனை. கடைசியில எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார், கல்யாண காரியமா வர்றவங்க ராகு காலத்துல வரமாட்டாங்கன்னு. வாழ்க்கையில ஒருதரம் உருப்படியாப் பேசினார். அதுவே முடிவாச்சு. ராகு காலத்துல வந்தா டிரஸ்ட், உண்மையைச் சொல்லணும். நல்ல நேரத்துல வந்தா பொண்ணு வீடு, தோட்டம் தொரவுன்னு சொல்லிக்கலாம். மத்த நேரத்துல வந்தா பேச்சை வளத்தி வளத்தி ராகு காலம் வர்ற வரைக்கும் உக்கார வெக்கணும்னு ஒருத்தங்க சொன்னாங்க. தலையில அடிச்சுக்கிட்டேன்.

தேவசகாயம் சாருக்கு மட்டும் பிரச்சினை. அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போறவர், ராகு காலம் எப்பன்னே தெரியாது. பொய்யும் சொல்ல வராதுங்கறார். தினசரிக் காலண்டர்ல இருந்து கிழிச்சுக் குடுத்து, நல்ல நேரத்துல யாராவது வந்தா நீங்க இங்கிலீஷ்ல பேசிடுங்க சார்னேன். ஒத்துக்கிட்டார்.

ஜூன் 26, வியாழன்

வியாழக்கிழமை ராகு காலம் ஒண்ணரையிலிருந்து மூணு. ரெண்டு மணி வாக்குல வந்தாங்க. வேட்டி கட்டின ஒரு அய்யா, அவர்கூட ஒரு அம்மா. நான் செப்டிக் டேங்க் லாரிக்காரன்கிட்ட கத்திக்கிட்டிருந்தேன். பூர்ணிமா வீட்டைக் காட்டி, அந்தக் குடும்பம் எப்படிங்கன்னு அந்த அம்மா கேட்டுச்சு.

ராகு காலம். அப்ப டிரஸ்ட்தானே. ரெண்டு நாற்காலியைப் போட்டு ஜெனரேட்டர் பக்கத்துலயே உக்கார வெச்சேன், நாத்தம் தெரியட்டும்னு.

அந்த அம்மா நிதானமாத்தான் கேட்டுச்சு. எத்தனை வருஷமா இங்க இருக்காங்க, மாமியார் மாமனார் இருக்காங்களா, அண்ணன் தம்பிக்குள்ள ஒத்துமையா. எல்லாத்துக்கும் உள்ளதைச் சொன்னேன். சின்னவர் என்ன உயரம் இருப்பாருன்னு கேட்டுச்சு. மீட்டர் பெட்டி உயரம் இருப்பான்னேன். தண்ணி பழக்கம் உண்டான்னுச்சு. கெடையாதுன்னேன். கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்தே இருப்பாங்களா தனியாப் போவாங்களான்னு அந்த அய்யா கேட்டார். அது எனக்குத் தெரியாதுங்கன்னேன். அதுக்கு அப்புறம்தான் அந்த அம்மா, "வசதி எப்படிங்க?"ன்னு கேட்டுச்சு.

ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி பூர்ணிமா நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்து வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டின மாதிரி இருந்துச்சு. நல்ல வெயில், கண்ணு கூசுச்சு, சரியாத் தெரியல.

"வசதின்னு ஒண்ணும் இல்லீங்க. அந்தப் பொண்ணு கழுத்துல கெடக்கறது மஞ்சக் கயிறு. வாரம் ரெண்டு நாள் மெஷின்ல படுக்காட்டி அவளுக்கு உசுரு இல்ல. அண்ணனும் தம்பியும் சம்பாதிக்கறது பூராவும் அதுக்குத்தான் போகுது. தங்கமானவங்க. ஆனா வசதி இல்ல."

அந்த அய்யா எந்திரிச்சுட்டார். அந்த அம்மா என் கையைப் புடிச்சு, நல்ல வேளை சொன்னீங்கன்னுச்சு.

பொழுதோட சோறு போடறப்ப இவர் கேட்டார், "டிரஸ்ட்காரங்க எதுக்கு ருக்கு பையன் உயரத்தைக் கேட்டாங்க?" சாப்பிடறப்பப் பேசாதீங்கன்னு சொல்லிட்டுக் குழம்பை ஊத்தினேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையில தரகர் போன் பண்ணிட்டாராம். அவிநாசிக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. அவங்க பொண்ணோட தாத்தா காலத்துல இருந்தே நேரம் காலம் பாக்காத பகுத்தறிவுக் குடும்பமாம். ராகு காலத்துலதான் புதுமனை புகுவாங்களாம்.

எனக்கு எப்படித் தெரியும்? ராகு காலம்னு முடிவு பண்ணினது நான் மட்டுமா, எல்லாரும் சேந்துதானே. பில்டிங்கே வந்து அதைத்தான் சொல்லுது, உங்க மேல தப்பில்ல மேடம்னு. நானும் ஆமாம்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.

பூர்ணிமா இன்னிக்கு சென்னியப்பன்கூட பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போனா.

ஜூலை 1, செவ்வாய்

இன்னிக்கும் பஸ். சென்னியப்பனுக்கு லீவு இல்லைன்னு நந்தகோபால் கூட்டிக்கிட்டுப் போனான். வாசல்ல என்னைப் பாத்ததும் வணக்கம் வெச்சான். திட்டியிருந்தாக்கூடத் தேவல.

காலையில இருந்து எவன் வந்தாலும் கடிச்சுத் துப்பறேன். கீரைக்காரம்மாவை, லிஃப்ட்காரனை, இவரை. தேவசகாயம் சார் படியில நிறுத்தி, ஏதோ சொல்ல வாயெடுத்தார். லத்தீன் வேண்டாம் சார்னேன். லத்தீன் இல்லைம்மா, நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்க வந்தேன்னார். கண்ணைத் துடைச்சுக்கிட்டு மேல ஏறிட்டேன். தூக்கம் இல்லாத கண்ணு, அதான் எரியுது.

ஜூலை 3, வியாழன்

டிரஸ்ட் மேனேஜர் அம்மா போன் பண்ணினாங்க. மனுவை ஏத்துக்கிட்டாங்க. இந்த வெள்ளிக்கிழமையில இருந்தே செலவு அவங்களுது.

அவங்க ஆளுங்க திங்கக்கிழமையே வந்துட்டுப் போயிட்டாங்களாம். எங்க யாரையும் கேக்கல. கேட்டுக்கு வெளிய அயர்ன் வண்டிக்காரரைக் கேட்டிருக்காங்க. அந்த வீட்டுல ஒண்ணுமில்லீங்க, வசதியில்லைன்னு தெரிஞ்சு கல்யாணமே நின்னு போச்சுன்னு சொல்லியிருக்கார். பாதியைத் தள்ளலியான்னு கேட்டேன். "கெட்டதாச் சொன்னா நாங்க தள்ளறதில்ல மேடம்"னாங்க.

போனை வெச்சுட்டு ஊஞ்சப் பலகையில உக்காந்தேன். இவர் பக்கத்துல வந்து உக்காந்தார். ஒண்ணும் கேக்கல. இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும்.

பெயிண்டர் வந்து, தமிழ்லயும் ஓபுலன்ஸ்னே எழுதிட்டுப் போனான். வேற எதையும் யோசிக்க ஆளில்ல.

ஜூலை 4, வெள்ளி

ஸ்கூட்டரைத் துடைச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். எனக்கு அந்தப் பக்கம் கேஸ் புக்கு மாத்தற வேலை இருக்கு. பூர்ணிமா வெளிய வந்தா. பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பல. என்கிட்ட வந்து நின்னா. முகம் ஊதிப் போயிருந்துச்சு, அழுததா, தண்ணி கோத்ததான்னு தெரியல.

"அக்கா, வந்தது பொண்ணு வீட்டுக்காரங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

ராகு காலம் கண்ணுன்னேன். அவ பாத்துக்கிட்டே நின்னா. ரோட்டுல ரெண்டு பஸ் போச்சு. அதுக்கு மேல என்னால முடியல, தெரியும்னேன். உயரம் கேக்கறப்பவே தெரியும்னேன்.

 அவ பின்னாடி ஏறி உக்காந்தா. என் தோளைப் புடிக்காம சீட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டா.

"உங்க மேல எனக்குக் கோபம் ஆறலைக்கா. ஆறறதுக்கு ரொம்ப நாளாகும். பரவால்ல, இப்பத்தான் எனக்கு நாள் இருக்கே."

நான் வண்டியை எடுத்தேன்.